ஆலாபனைக்குப் போட்ட தாளம்

நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். ஐம்பத்தாறு வயதில், மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு, மனைவியின் பாட்டைச் சாக்காக வைத்து ஜாஸும் ப்ளூஸும் கேட்க உயர்ரக ஹெட்ஃபோன் வாங்கியவன் நான். வாங்கியதோடு விட்டேனா? அதில் அவள் பாட்டைத்தான் கேட்கிறேன் என்று இரண்டு மாதம் நடித்தவனும் நானே.

அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் ஆறு வருடம் மேடை ஏறவில்லை. போன மார்கழிக்கு ஒரு சின்ன சபாவில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி கிடைத்தது. கேன்டீனில் இலை போடும் வரை ஜனங்கள் வந்து உட்கார்ந்திருக்கும் நேரம்தான். இருந்தாலும் மேடை மேடைதானே. அவளுக்கு ஒரே ஒரு பயம்: மேல் ஷட்ஜத்தில், அந்த உச்சி 'ஸா'வில், போய் நிற்கும்போது சுருதி ஒரு மயிரிழை இறங்கிவிடுமோ என்று.

"பாடறச்சே எனக்கு எல்லாம் சரியாத்தான் கேக்கறது. என் காதை நான் நம்பலை. தினம் ஆலாபனையை ஃபோன்ல பதிஞ்சு அனுப்பறேன். நீங்க கேட்டுட்டு, இறங்கினா இறங்கறதுன்னு சொல்லிடுங்கோ."

வேறு யாராயிருந்தாலும் "சரி" என்றிருப்பார்கள். நான், "அதுக்கு நல்ல ஹெட்ஃபோன் வேணுமே," என்றேன். மூன்று வருடமாக வாய்க்குள்ளேயே காத்திருந்த வாக்கியம், வாசல் திறந்ததும் ஓடி வந்துவிட்டது.

"எனக்காகவா இவ்வளவு?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

தேனாம்பேட்டையில் ஒரு மாடிக் கடை. சோபாவில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் மாட்டிக் கேட்கலாம். மூன்று சனிக்கிழமைகள் போனேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஒரே ஒருமுறைதான் போனேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். முதல் ஹெட்ஃபோனில் டபுள் பாஸ் மட்டும் பந்தியில் முதல் வரிசை பிடித்து உட்கார்ந்துகொண்டு மற்ற வாத்தியங்களைப் பின்னால் தள்ளியது. இரண்டாவதில் ப்ளூஸ் பாடியவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடினார். மூன்றாவதை மாட்டினேன். சாக்ஸஃபோன்காரர் வாசிக்கும் முன் மூச்சை இழுத்தது கேட்டது. கிட்டார் கம்பியில் விரல் வழுக்கியது கேட்டது. டிரம்ஸ் எனக்கு இடப்பக்கம், பியானோ வலப்பக்கம், நடுவில் நான், கண்ணில் தண்ணீர்.

கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "சார், இது பின்னாடி தொறந்துகீது, பாத்துக்கினீங்களா? அதான் சவுண்டு இவ்ளோ அகலமா கீது. ஆனா வெளியவும் கேக்கும். வூட்ல பக்கத்துல யாருனா இருந்தா யோசிச்சு எடுங்க."

"பரவாயில்ல, பரவாயில்ல," என்றேன். அவர் சொன்னதில் 'அகலம்' மட்டும்தான் எனக்குள் இறங்கியது.

"மேடம் பாட்டுக்குன்னுதானே சொன்னீங்க? அத்த ஒருவாட்டி போட்டுக் கேளுங்களேன்."

"அது வீட்டுல கேட்டுக்கலாம்," என்றேன். மூன்று சனிக்கிழமையும் அவள் குரல் என் சட்டைப்பையில், ஃபோனுக்குள் இருந்தது. ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை.

வீட்டில் தினம் காலை ஒரு பதிவு வரும். நான் சோபாவில் ஹெட்ஃபோனோடு உட்காருவேன். நாலடி தள்ளிச் சாப்பாட்டு மேஜையில் அவள் என் முகத்தைப் பார்த்தபடி. முதலில் ஒரே ஒரு ப்ளூஸ் கேட்டுவிட்டு இவளைக் கேட்கலாம் என்று ஆரம்பிப்பேன். ஒன்று நாலாகும். கழற்றும்போது அவள் நிமிர்ந்து பார்ப்பாள். "பேஷ்! ஊசி குத்தினாப்ல நிக்கறது," என்பேன்.

ஒருநாள் கேட்டாள்: "ஏன்னா, நான் அனுப்பினது ஆலாபனை. தொடையில என்ன தாளம் போட்டுண்டிருந்தேள்?"

ஆலாபனைக்குத் தாளம் கிடையாது என்பது மயிலாப்பூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். என் கை தன்பாட்டுக்கு நாலு நாலாக டிரம்ஸோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"அது... மனசுக்குள்ள ஓடற தாளம்," என்றேன்.

"ஓஹோ," என்றாள். அதற்கப்புறமும் பதிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன.

கச்சேரியன்று ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தேன். கல்யாணி ராகத்தை எடுத்தாள். படிப்படியாக ஏறினாள். மேல் ஷட்ஜத்தில் போய் நின்றாள். இறங்கியது. மயிரிழைதான். காதில் ஒன்றும் மாட்டாமலே எனக்குக் கேட்டது. வயலின்காரர் சரியான ஸ்வரத்தை மெதுவாக அடியில் கொடுத்து அவளைத் தூக்கிவிடப் பார்த்தார். அவள் வயலின் பக்கம் திரும்பவில்லை. நேராக ஐந்தாவது வரிசையைப் பார்த்தாள். அதன்பின் கச்சேரி முடியும் வரை மேல் ஷட்ஜத்தின் பக்கமே போகவில்லை. வாசல் வரை போய்விட்டு மணியடிக்காமல் திரும்புகிறவள் மாதிரி, ஒரு படி கீழே, நிஷாதத்தோடு திரும்பித் திரும்பி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் வரிசையாகக் கேட்டேன். அந்த ஹெட்ஃபோன் அற்புதமானது, அதில் சந்தேகமே இல்லை. முதல் பதிவிலேயே அந்த இறக்கம் பளிச்சென்று கேட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் திருத்த அவளுக்கு இரண்டு மாதம் இருந்திருக்கும். ஒரு பதிவின் கடைசியில், பாடி முடித்து, பேசியிருந்தாள்: "இன்னிக்குக் கொஞ்சம் இறங்கித்தோ? உள்ளதைச் சொல்லுங்கோ."

இறங்குகிறது என்று தெரிந்தால் அவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயத்தில்தான் கேட்காமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கௌரவமான காரணம். ஆனால் பொய். சாக்ஸஃபோன் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே போனேன். அவள் மேஜையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "நீ அனுப்பினதுல ஒண்ணைக்கூட நான் கேக்கலை. இன்னிக்குத்தான் கேட்டேன். அத்தனை நாளும் நான் கேட்டது வேற."

நார் உரிக்கிற கை நிற்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தெரியும், உங்க சாக்ஸஃபோன்காரனுக்கும் மேல் ஷட்ஜம் இறங்கித்தான் நின்னுது."