சுல்மோனாவின் சதுக்கத்தில் என்னை அழைத்த குரல்

கர்த்தருடைய பிள்ளைகளே, சென்ற ஆண்டின் குளிர்காலத்தில் என் கணவர் பக்கவாதத்தால் விழுந்தார். கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் எங்கள் சபையின் ஜெபத்தை நடத்தியவர், வீட்டில் தண்ணீர் கேட்கவும் கையைக் காட்டினார். நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவேன்.

பேச்சுப் பயிற்சி அளித்த டேனிஷ் பெண்மணி அன்பானவர். மனைவியின் பெயர்தான் நாவுக்கு மிகவும் பழகிய சொல், அதிலிருந்து தொடங்குவோம் என்றார். நாள்தோறும் "எஸ்தர், எஸ்தர்" என்று சொல்லிக் காட்டினேன். என் கணவரின் உதடுகள் அசையும்; ஒலி வராது. "ஆண்டவரே, என் பெயரையாவது அவர் வாயில் தாரும்" என்று உபவாசித்து மன்றாடினேன். அடுத்த குளிர்காலமும் கழிந்தது. என் ஜெபம் கேட்கப்படுகிறதா என்றே ஐயுற்றேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு மகள் அனித்தா எங்களை இத்தாலியின் அப்ருட்சோ மலைப்பகுதிக்கு, சுல்மோனா என்ற ஊருக்கு அழைத்துச் சென்றாள். புறப்படுமுன் சபைச் சகோதரி ஒருவர், "சுரூபம் தூக்கித் திரியிற ஊருக்கே போறியள், அக்கா?" என்றார். "அவருக்குக் கொஞ்சம் வெயில் படட்டும், தங்கச்சி" என்றேன். எங்கள் சபையில் சிலைகளை வைப்பதில்லை; உள்ளூர எனக்கும் நெருடல்தான்.

உயிர்த்த ஞாயிறு காலை சதுக்கம் நிறைந்திருந்தது. மகனை இழந்த துயரில் கறுப்பு அங்கி அணிந்த மரியாளின் சுரூபத்தை ஆண்கள் சிலர் தோளில் சுமந்து மெல்ல நடந்தார்கள். மறுமுனையில் உயிர்த்தெழுந்த இயேசுவின் சுரூபம். தாய் மகனைக் கண்டுகொண்டதுபோல், சுமந்தவர்கள் திடீரென்று ஓடத் தொடங்கினார்கள். கறுப்பு அங்கி கழன்று விழுந்தது. உள்ளே பச்சை ஆடை. புறாக்கள் எழுந்து பறந்தன. சுரூபம் தோள்களின்மேல் பயங்கரமாக ஆடியது.

யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இஞ்சேரும்... விழப்போறா!"

என் கணவர்!

எங்கள் தலைமுறை யாழ்ப்பாணத்துக் கணவர்மார் பலர் மனைவியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மணநாள் முதல் நான் அவருக்கு "இஞ்சேரும்"தான், அதாவது "இங்கே பாரும்". "எஸ்தர்" அவர் நாவுக்குப் பழகிய சொல்லே அல்ல. அது எனக்கோ பயிற்சியாளருக்கோ தோன்றவில்லை. தேவனிடமும் அந்தப் பெயரையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ எனக்குரிய சொல்லைத் தந்தார்.

எப்போதும் டேனிஷில் பதில் சொல்லும் அனித்தா தகப்பனைக் கட்டிக்கொண்டு, "விழமாட்டா அப்பா, பாருங்கோ, மகனிட்டப் போய்ச் சேர்ந்திட்டா" என்று தமிழில் விம்மினாள்.

திரும்பி வந்ததும் அதே சகோதரி குறும்பாகக் கேட்டார்: "அப்ப, சுரூபத்தைப் பாத்தோ அண்ணை வாய் திறந்தவர்?"

"விழப்போற ஒரு தாயைப் பாத்து, தங்கச்சி" என்றேன். சகோதரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இன்று என் கணவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சில நாள் தேநீரை, சோற்றுக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் "சொதி" என்பார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். எந்த விதத்தில் பதில் தரவேண்டும் என்று நான் இப்போது ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் யாரேனும் மௌனத்தில் அடைபட்டிருந்தால், மன்றாடுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். நாம் பிழையாகக் கேட்டாலும், நம் தேவையைச் சரியாக அறிந்தவர் அவர். அவருக்கே ஸ்தோத்திரம்.