அப்பாவைக் கொண்டுபோக வந்தவர்

அப்பாவும் அவருடைய நண்பர் ஒருவரும் இளவயதில் நாட்டுக்காக றக்பி ஆடியவர்கள். இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளும்போது, இரண்டாம் வரிசையில் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது இவர்கள்தான். முழங்கால் போனதும் அப்பா சொந்த ஊரான தலவிலவுக்குத் திரும்பித் தென்னங்காணியைப் பார்த்தார். மற்றவர் மருத்துவம் முடித்து, கொழும்பில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபின் மாமா அடிக்கடி வந்தார். ஒருநாள் மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நான் போனதும் என்ட உடம்ப உன்ட மாணவருக்கு எடு."

மாமா எழுந்துபோய்க் கிணற்றடியில் வெகுநேரம் நின்றார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்லறை இல்லாவிட்டால் இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் நாளில் எங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவது என்று அழுதார்.

"நீங்க ஓம் எண்டு சொல்லாம நான் தொடமாட்டன், தங்கச்சி," என்றார் மாமா. "படிப்பு முடிஞ்சதும் நானே திருப்பிக் கொண்டு வருவன்."

"நீங்களா வெட்டுவீங்க?"

"இல்ல. என்னால ஏலாது. வேற ஆள் படிப்பிக்கும். ஆனா நான் அந்த அறையில நிப்பன்."

அம்மா சில நாட்கள் கழித்து ஒரு காலை, அப்பாவுக்கு முகம் துடைத்துவிடும்போது, "ஓம், உங்கட விருப்பம்" என்றார்.

அப்பா இறந்ததும் மாமா வாகனத்தோடு வந்தார். கோயிலில் பாதரின் பூசை முடிந்தது. என்னை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொழும்புக்குப் போகும் வழியில் மதுரங்குளிக்குக் கிட்ட வாகனம் ஒரு பள்ளத்தில் விழுந்தெழும்பியது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். "கொஞ்சம் பொறு மச்சான், றோட்டு சரியில்ல," என்று மெதுவாகச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் வகுப்பைப் பற்றி மாமா பிறகுதான் எங்களிடம் சொன்னார். கிடப்பது யாரென்று மாணவர்களுக்குத் தெரியாது. ஒரு பிள்ளை, "சேர், இந்தக் காது ஏன் இப்படித் தடிச்சிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். முட்டித் தள்ளும்போது நசுங்கி நசுங்கித் தடித்துப்போன காது அது. மாமாவுக்கும் அப்படித்தான்.

"நான் தலையைத் திருப்பி என்ட காதைக் காட்டினன்."

சொன்னபடியே படிப்பு முடிந்ததும் அப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். பெட்டி சின்னதாக இருந்தது. நாலு பேர் தேவைப்படவில்லை. மாமா தனியாகவே சேமக்காலையில் வெட்டியிருந்த குழிவரை தூக்கிவந்தார், அம்மா பக்கத்தில் நடந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டார். மாமா கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். அம்மா ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டு, சத்தமில்லாமல் அவர் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.