பாறைமுனையில் நின்ற ரிக்கு வண்டி

பாறையின் மேல் வெள்ளைப் பெயின்டில் பதினொரு வட்டங்கள் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நேர்வரிசை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறடி கூட இராது. அந்த வரிசைக்கு அப்பால் கடல். தொண்ணூறுகளின் நடுவில், அன்னூரிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டியோடு தென்கோடிக் கடலோரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான். நாங்கள் என்றால் ரிக்கை இயக்கும் டிரில்லர் அண்ணனும், அவருக்கு அடுத்த ஆளாக வேலை பார்த்த நானும், கூலியாட்கள் இருவரும்.

அண்ணனின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்திலேயே காலம் தள்ளியவர்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அண்ணன்தான். தண்ணீர் வருமா வராதா என்று, துளையிடும் ஹாமர் கல்லில் மோதும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்பதால் கிடைத்த நாற்காலி அது. ஆனாலும் கூட வேலை பார்க்கும் எங்களைத் தவிர, ‘ங்க’ போடாமல் யாரிடமும் அவருக்குப் பேச வராது. அதனால் அவரைப் பயந்த சுபாவம் என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அங்கே ஓட்டல் கட்டப்போகிறார்கள், தண்ணீருக்குப் போர் போட வேண்டும் என்றுதான் கோயம்புத்தூர் முதலாளி எங்களை அனுப்பியிருந்தார். ஆனால் அங்கிருந்த ஒப்பந்தக்காரர் வட்டங்களைக் காட்டி, “ஒவ்வொண்ணும் இருபதடி போதும்” என்றார்.

“ஏனுங்க, இருபதடியில தண்ணி எங்கீங்க வரும்?” என்று கேட்டார் அண்ணன்.

“தண்ணி உங்களுக்கு எதுக்கு? ஓட்டையைப் போடுங்க. மத்ததை எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க.”

பாறையைத் தகர்க்க வெடி வைக்கத்தான் ஓட்டை என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கல்லை உடைப்பது எங்களுக்குப் புதிதா என்ன என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவிக்கு அது ஏழாம் மாதம்.

அன்று பிற்பகல் பக்கத்திலிருந்த கலங்கரை விளக்கத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்திருந்தார்கள். அண்ணன் அதுவரை கடலையே பார்த்ததில்லை. வளைந்து வளைந்து ஏறும் படிகளில் மூச்சுவாங்க மேலே போனோம். உச்சியில் வீசிய காற்று பேச விடவில்லை. கீழே செம்மண் மேடு அப்படியே அறுந்து பாறைகளாகக் கடலுக்குள் இறங்கியது. தாழம்புதர்கள் நிலத்தோடு ஒட்டிப் படுத்திருந்தன. எங்கள் வண்டி நின்ற பாறை, மடக்கிய கை போலக் கடலுக்குள் நீண்டிருந்தது. அந்தக் கையின் வெளிப்பக்கம் அலை பனைமர உயரத்துக்கு எழும்பி உடைந்துகொண்டிருக்க, உள்பக்கம் தண்ணீர் கிணற்றைப் போல அசையாமல் கிடந்தது. மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. அண்ணன் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்ததும், மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போனார். “அந்தப் பாறை இல்லீன்னா என்னங்க ஆகும்?”

“ஆனி ஆடியில ஒரு வள்ளமும் கரைக்கு வராது மக்கா. ஆளும் வராது” என்றார் அந்த அம்மா. பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தார்.

அண்ணன் நேராக எஸ்டிடி பூத்துக்கு நடந்தார். முதலாளி கத்தியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. “வேலை போனாப் போவுதுங்க. இந்த ஓட்டையை நான் போடறதில்லீங்க” என்று சொல்லிவிட்டு ரிசீவரை மெல்ல வைத்தார்.

மறுநாள் காலை ஒப்பந்தக்காரரிடமும் அதையே சொன்னார். அவர் அண்ணனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முதலாளியிடம் பேசிவிட்டதாகவும், இனி நான்தான் டிரில்லர் என்றும் சொன்னார். இந்தக் கதையைப் பல வருடம் பலரிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அண்ணனோடு சேர்ந்து நானும் மறுத்ததாக. உண்மை அதுவல்ல. நான் வண்டியில் ஏறினேன். கம்ப்ரசரை ஓடவிட்டேன். ஹாமரை முதல் வட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, அதை இறக்கும் லீவரில் கை வைத்தேன்.

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு வந்து அந்த வட்டத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஹாமரின் பல் அவர் தலைக்கு மேலே இரண்டு முழத்தில் தொங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எறக்கு கண்ணு. இங்கதான போடோணும்?”

என் கையை எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிட, அது தானாக விழுந்தது என்பதே சரி. கம்ப்ரசரை அணைத்ததும் அலைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. மீன் காயப்போட்ட அந்த அம்மா வந்து இரண்டாவது வட்டத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரு குரல் கொடுக்க, கரையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். வெயில் ஏறும் முன் பதினொரு வட்டமும் நிறைந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் போலீஸ் என்றார், கேஸ் என்றார். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. “கூப்புடுங்க. வரட்டுங்க. இங்கயேதானுங்க இருக்கறோம்” என்றார். அப்போதும் அந்த ‘ங்க’ மாறவில்லை.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஊர் வந்ததும் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. எந்த ரிக்கிலும் அண்ணனை ஏற்றவில்லை. சத்தியமங்கலம் பக்கம் கிணறு வெட்டும் வேலைக்குப் போனார். அங்கே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டபோது, கடப்பாரையைக் கீழே வைக்காமலே, “அதான் கையை எடுத்துப்போட்டயல்ல, அப்புறமென்ன?” என்றார்.

ஓட்டல் அங்கே வரவே இல்லை. அதற்கு எங்களைத் தவிர வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். போன ஆடியில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வெளிப்பக்கம் கடல் மூர்க்கமாக இருந்தது. உள்ளே வண்ணம் பூசிய வள்ளங்கள், இப்போது மோட்டார் வைத்தவை, நெருக்கியடித்து நின்றன. இந்த முறை நடந்ததை நடந்தபடியே மகளிடம் சொன்னேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு, அலைச் சத்தம் கேட்கட்டும் என்று கையை நீட்டிப் பிடித்தேன்.

“பலமா அடிக்குதா கண்ணு?” என்று கேட்டது அவர் குரல்.

“ஆமாங்கண்ணா. ரொம்பப் பலமா.”

“அடிக்கட்டும் உடு. கல்லு தாங்கும்.”