ஏழு சுற்று

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மணி என்ன என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். பெரியப்பாவின் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் மணி. கூடத்துச் சுவரில் தொங்கிய ஊசல் கடிகாரம் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா ஸ்டூலில் ஏறிச் சாவி கொடுப்பார், ரேடியோவில் செய்திக்கு முன் வரும் ‘பீப்’ சத்தத்துக்கு முள்ளைச் சரிசெய்வார், பிறகு அடுத்த வெள்ளிவரை ஊர் உலகத்தில் மற்ற கடிகாரமெல்லாம் தப்பு. அப்பா கையில் வாட்ச் இருந்தது. ஆனால் தினமும் காலையில் அண்ணாவின் கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்திக்கொள்வார். அண்ணாவை மீறிவிடக் கூடாதே என்பதுபோல.

அந்த வீட்டில் கடிகாரத்துக்குக் கட்டுப்படாத வாட்ச் ஒன்றே ஒன்று, அத்தையுடையது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. இருபத்தொன்பது வயது. மவுண்ட் ரோடில் ஒரு ஆபீஸில் வேலை. தொண்ணூறுகளில் அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது, அதற்கென்று ஆரம்பித்த பிரிவுக்கு அத்தையைப் போட்டிருந்தார்கள். அவள் ஆபீஸ் நேரம் வைத்துத்தான் நடப்பாள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஊசலின் நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். சொன்னால் ஆயிற்றா? எனக்குப் பார்த்தாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, சாவி கொடுத்துவிட்டுப் பெரியப்பா கோயிலுக்குக் கிளம்பியதும், ஸ்டூலில் ஏறிக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ஊசல் குண்டுக்கு அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை இறக்கினால் குண்டும் இறங்கும். பழைய இடம் மறந்துவிடக் கூடாதே என்று கம்பியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஏழு சுற்று இறக்கினேன். ‘7’ என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடிக்கோடும் இட்டேன். விஞ்ஞானிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு எண்ணம்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க கே.கே. நகரிலிருந்து வருகிறார்களாம். ஜாதகம் பொருந்திவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் அவர்கள் கண்டிஷன். பெரியப்பா சரியென்று சொல்லியாகிவிட்டது.

“என்னைக் கேக்காம எப்படிண்ணா சொல்லலாம்? நான் வேலைய விடமாட்டேன்” என்றாள் அத்தை.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவா வரட்டும்” என்றார் பெரியப்பா.

அவர் ‘அப்புறம்’ என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை அத்தைக்கு அரைநாள். மத்தியானம் வந்தவள் கூடத்தில் நின்று கடிகாரத்தையும் தன் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவிடுக்கில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் தொட்டது என்று கேட்கப்போகிறாள், மாட்டிக்கொண்டேன் என்று பின்கட்டுக்கு ஓடிவிட்டேன். ஆனால் அவள் யாரையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கடிகாரக் கதவு சாத்துகிற ‘டக்’ கேட்டது. எட்டிப் பார்த்தால் ஸ்டூல்மேல் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி வருகிறார்களே என்று சுத்தம் செய்கிறாள் என நினைத்து நிம்மதியானேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது திருகை ஏற்றிவிட நினைத்தேன். முடிந்தால்தானே. பெரியப்பா பஞ்சாங்கத்தோடு கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டார். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும், சரியாக நாலு மணிக்குக் கூப்பிடலாம் என்பது அவர் ஏற்பாடு. உள்ளே அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வாட்சைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள். “கட்டிக்கோயேன், உத்தியோகம் பாக்கற பொண்ணுன்னு தெரியட்டுமே” என்றாள் அம்மா. “பட்டுக்கு நன்னாவே இல்லை மன்னி” என்றாள் அத்தை.

மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, அக்கா என்று நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கடிகாரம் மூன்றரைக்கு ஒரு அடி அடித்தது. பேச்சு நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா நெளிய ஆரம்பித்தாள்.

“பொண்ண வரச் சொல்லுங்கோளேன். ராகுகாலம் வந்துடப்போறது.”

“நெறைய நேரம் இருக்கு மாமி. மொதல்ல காப்பி சாப்பிடுங்கோ” என்றார் பெரியப்பா, நேரத்தைத் தானே தானம் செய்கிறவர் மாதிரி.

கடிகாரம் நிதானமாக நாலு அடித்தது. பெரியப்பா உள்பக்கம் பார்த்துத் தலையசைத்தார். அத்தை பஜ்ஜித் தட்டோடு வந்தாள். வந்தவர்கள் நாலு பேரும் அத்தையைப் பார்க்காமல் அவரவர் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

“மணி நாலு முப்பத்தஞ்சு! ராகுகாலத்துல பொண்ண அழைச்சுண்டு வரேளே!”

“மாமி, முப்பது வருஷமா இந்தக் கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினதில்லை.”

“அப்போ எங்க நாலு பேர் வாட்சும் தப்பாக்கும்?”

பேட்டரி வாட்சை எல்லாம் யார் நம்புவது என்று பெரியப்பா ஆரம்பித்தார். அப்பா தன் வாட்சை ஆதாரமாகக் காட்டினார். அதிலும் நாலைத் தாண்டிச் சில நிமிஷம்தான், காலையில்தானே திருத்தியிருந்தார். கடைசியில் பெரியப்பா போனை எடுத்து, நேரம் சொல்லும் எண்ணைச் சுழற்றினார். அந்தப் பெண்குரல் சொன்னதைக் கேட்டார், நம்பாமல் திரும்பவும் கேட்டார், ரிசீவரை வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ஆனால் வந்தவர்கள் கிளம்ப முடியவில்லை. ராகுகாலத்தில் எப்படி வெளியே புறப்படுவது? ஆறு மணிவரை இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்து பஜ்ஜியைத் தின்று தீர்த்தது. அத்தைதான் இரண்டாம் முறை காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அக்காவிடம் சர்க்கரை போதுமா என்றுகூட விசாரித்தாள். வேண்டாமென்று சொல்லிவிட்டவர்களுக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். உன் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன் என்றேன். அவள் கோபிக்கவேயில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“எத்தனை சுத்துடி எறக்கினே?”

“ஏழு.”

“சரி, அண்ணா வரதுக்குள்ள ஏத்தி வெச்சுடு. யார்ட்டயும் சொல்லாதே.”

ஸ்டூலில் ஏறினேன். ஏழு சுற்று ஏற்றினேன். திருகு பென்சில் கோட்டுக்கு வரவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. பத்தாவது சுற்றில்தான் கோட்டைத் தொட்டது.

“அத்தை, பத்து ஆச்சு. நான் ஏழுதான் எறக்கினேன். சத்தியமா!”

“நீதான் கணக்குல வீக்காச்சேடி” என்றாள் அத்தை. மறுநாள் ஆபீஸுக்கு வாட்சைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதும் உண்மைதான், கணக்கில் என் மார்க் அப்படி. நோட்டை எடுத்து, ‘7’ என்பதை அடித்துவிட்டு ‘10’ என்று எழுதினேன்.