தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் டீசல் தேடிய நாள்

கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறவனுக்கு, இருந்தாலும் திட்டு, இல்லாவிட்டாலும் திட்டு. உங்கள் வேலையும் இப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

அன்று இருந்தவர்கள்: தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டும் கருவியைப் பார்த்து அளவு குறிக்கும் மேடம், ஜீப் டிரைவர், கிணற்றுக்காரர் சுப்பையா, அவர் மனைவி மாரியம்மாள், பக்கத்து டீசல் பங்க் மேனேஜர், அந்தக் கருவியை ஒயரில் கட்டி இறக்கும் நான். ஆறு பேர்.

பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் கசிந்து கிணறு நாறிப்போனது என்பது சுப்பையாவின் புகார். எந்த ஆழத்தில் டீசல் நுழைகிறது என்று கருவி காட்டிவிட்டால் தொட்டியைத் தோண்டியே ஆகவேண்டும். அதுவரை மாரியம்மாள் அரை மைல் நடந்து குடம் சுமக்க வேண்டும்.

ஜீப்

வழியில் ஜீப்பில் எங்கள் கருவிப் பெட்டியைப் பார்த்ததும் பட்டாசுக் கம்பெனி கேட்டுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். ஏழு எண்ணினேன். எங்களைச் சோதனை ஆபீசர்கள் என்று நினைத்துவிட்டார்கள். எட்டாவது கேட்டில் நானே இறங்கி, கிணறு பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். வாட்ச்மேன் உள்ளே திரும்பிக் கத்தினார்: "ஏலே, கிணத்தக்கூட விடமாட்டாக போலலே!"

பதினெட்டு அடி

ஒயரில் அடிக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். கிணற்றுக் கப்பி வழியாக இறக்கி, ஒவ்வொரு அடியிலும் நிறுத்திச் சொல்வேன். மேடம் அளவைக் குறிப்பார். டீசல் நுழையும் இடத்தில் அளவு ஏறவேண்டும், மற்ற இடங்களில் குறையவேண்டும். ஆனால் தண்ணீருக்குள் பதினெட்டு அடியிலும் ஒரே அளவு. கருவியைத் துடைத்து மறுபடி இறக்கினேன். அதே அளவு. மூன்றாம் முறையும் அதே.

மேடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, நீங்க எண்ணினதுல ஏதும் தப்பு இருக்குமோ?"

டேப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி எண்ணினேன்; எண்ணிக்கை சரிதான்.

கப்பி

கையுறையைக் கழற்றி ஒயரைத் தொட்டேன். வழுக்கியது. நிமிர்ந்து பார்த்தால், கப்பியிலிருந்து கறுப்பாக எண்ணெய் சொட்டித் தண்ணீர் மேல் படலமாக மிதக்கிறது. அந்தப் படலத்துக்குள்தான் மூன்று முறையும் கருவியை இறக்கியிருக்கிறோம்; அதில் ஒட்டிய எண்ணெய்தான் எல்லா அடியிலும் ஒரே அளவு காட்டியிருக்கிறது.

காலையில் டிராக்டரின் பழைய ஆயிலை அரைச் செம்பு கப்பிக்கு விட்டதாக சுப்பையா ஒத்துக்கொண்டார்.

"சும்மா கெடக்க மாட்டீகளா?" என்று மாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

பங்க் மேனேஜர் சிரித்தார். "கிணத்துல எண்ணெய் ஊத்துறது யாருன்னு தெரிஞ்சுபோச்சுல்ல மேடம்?"

சுப்பையா அவரைப் பார்க்கவே இல்லை. மேடத்திடம் சொன்னார்: "வர்றவுகளுக்கு இழுக்கையில கை நோகக் கூடாதேன்னுதான் தாயி விட்டேன்."

தாள்

படலத்தைத் துணி போட்டு வழித்தோம். தீரவில்லை. 'முடிவு சொல்ல இயலாது' என்று மேடம் எழுதினார். மாரியம்மாள் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் கைக்காகக் கவலைப்பட்ட ஒரே மனிதரின் கிணற்றுக்கு நாங்கள் திரும்பி வருவதற்கு, பட்டியலில் முன்னால் இன்னும் முப்பத்தேழு கிணறுகள் மீதி.