எலும்போடு பேசக் கூடாது

சனிக்கிழமை காலை, ஏரியிலிருந்து மூடுபனி எழும்போதே சபை மூப்பர் போல்தாக் கல்லறைகளின் நடுவே குனிந்து குனிந்து நடக்கிறார். எந்தச் சிலுவையின் கீழ் வெற்றிலை இருக்கிறது, யார் கிண்ணத்தில் கள் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். இறந்தவருக்குப் படைப்பது சபைக்கு ஆகாது. கள்ளைக் கொட்டிவிடுவார், வெற்றிலையை மிதித்துவிடுவார். கிராம்பு சிகரெட் கிடைத்தால் மட்டும் அது சட்டைப்பைக்குள் போகும்.

"சாட்சிப் பொருளா, மூப்பரே?" என்று கேட்பான் தோகார். கள்ளுக்கடை வைத்திருப்பவன். தாய்மாமன் மகன் என்பதால் அவனுக்குக் கேலி பேச உரிமை உண்டு.

"படைச்சதை நெருப்புல போட்டு அழிக்கணும் மச்சான். வேற வழியே இல்ல."

ஒரு முனையில் நெருப்பை வைத்து, மறுமுனையை வாயில் வைத்துக்கொண்டு, கடைசி வரை பொறுமையாக அழித்து முடிப்பார்.

பிழைப்புக்கு மிளகாய்த் தோட்டம். மற்றபடி பொழுதெல்லாம் தம் வட்டத்து இருபத்திரண்டு வீடுகளின் ஆத்துமாக்களோடு மல்லுக்கட்டல்தான். வியாழக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்தால் முதலில் அடுப்படிக்குப் போவார். செத்துப்போன தாத்தாவுக்கு என்று யாராவது ஒரு தட்டை ஒதுக்கி மூடி வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, பன்றிக்கறியில் ஒரு துண்டை வாயிலும் போட்டுக்கொள்வார். பிறகு ஆரம்பிக்கிற ஜெபம், கறியின் கொழுப்பு உறைந்து வெள்ளையாகும் வரை நீளும்.

போன மழைக்காலத்தில் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து காலில் கட்டோடு கிடந்த ஒருவன், "நல்ல நேரம், தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டான். "நேரமா? கிருபைன்னு சொல்லு" என்றார் மூப்பர். அவன் வலியில் முனகினான். "முனகாம சொல்லு." திருத்திச் சொன்ன பிறகுதான் வாங்கி வந்திருந்த வாழைப்பழம் அவன் கைக்குப் போயிற்று.

அவருடைய கெடுபிடி உச்சத்துக்குப் போவது எலும்பெடுப்பில்தான். பழைய குழியைத் தோண்டி, எலும்புகளை எலுமிச்சையும் மஞ்சளும் கலந்த நீரில் கழுவி, குடும்பத்தின் சிமெண்ட் கல்லறைக்கு மாற்றுவார்கள். சபை அனுமதிக்கும், ஆனால் நிபந்தனைகளோடு. எலும்பைக் கும்பிடக் கூடாது, அதோடு பேசக் கூடாது. மூப்பர் நிபந்தனைகள் எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழிமேட்டிலேயே நிற்பார். போன வருடம் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர், தகப்பனின் மண்டையோட்டைக் கண்டதும் தன்னை மறந்து, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டார். மூன்று மாதம் திருவிருந்து கிடையாது என்று ஆயிற்று. ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் அழுதது கொடுமைதான். மூப்பருக்கு மட்டும் அது ஒழுங்காகத் தெரிந்தது.

இந்த வருடம் அவருடைய சொந்தத் தாயின் முறை.

தங்கை லாம்ரியா பாத்தாம் என்ற தீவிலிருந்து கப்பலேறி வந்திருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா செத்தபோது அவளுக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது குழியின் மேல் புல்லே முளைத்திருந்தது.

"ஒரே ஒரு வார்த்தைண்ணே. மன்னிச்சிடும்மான்னு மட்டும்."

"வேதத்துல இடமில்ல. ஆண்டவர்கிட்ட சொல்லு, அவர் பார்த்துக்குவார்."

"அவர்கிட்ட தினமும்தான் சொல்றேன். அம்மாகிட்ட சொல்லலையே."

"பேசினா மூணு மாசம். தங்கச்சின்னெல்லாம் பார்க்க மாட்டேன். ஊர் என்னைப் பார்த்துக்கிட்டிருக்கு."

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இருபத்திரண்டு வீடுகளும் வந்திருந்தன. பின்வரிசைக் கிழவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். போதகர் ஜெபம் பண்ணினார். தாய்வீட்டுக்காரன் என்ற முறையில் முதல் வெட்டு தோகாருடையது. நிபந்தனைகளை மூப்பரே உரக்க வாசித்தார். குரல் கணீரென்று இருந்தது, எலும்போடு பேசக் கூடாது என்ற ஐந்தாவது நிபந்தனையில் மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்த தோகார் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் இரண்டு கையிலும் மண்டையோடு இருந்தது. "அத்தை," என்று ஆரம்பித்தவன் மூப்பரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். லாம்ரியா கைத்தறித் துணியை மடியில் விரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூப்பர் கை நீட்டி வாங்கினார். உடனே தங்கையிடம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, குழிமேட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தால் ஒரு பக்கத்துக் காதுத் துளையில் அடைத்திருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார். ஊதினார். திருப்பிப் பிடித்து, மறு காதிலும் ஒரு துகள் விடாமல் எடுத்தார். அதற்கு அப்புறம்தான் அம்மாவைத் தங்கையின் மடியில் வைத்தார்.