தூக்கின உயரம்

அனுசுயாவுக்கு முப்பத்தெட்டு வயது. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு வருகிறாள். கீழே வந்து இறங்கும் துணி ரோல்களை மூன்றாம் மாடிக்கு ஏற்றும் ஹாய்ஸ்ட் அவள் பொறுப்பு. பிளஸ் டூவில் இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்றெழுபத்தெட்டு வாங்கியவள். அதற்குமேல் படிக்க வீட்டில் வசதியில்லை. அந்த மார்க்கை யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை, மறந்ததும் இல்லை.

ஹாய்ஸ்ட் வருவதற்கு முன் அவளும் ரோல்களைத் தோளில் சுமந்து படியேறியவள்தான். மேலே போய் இறக்கி வைத்ததும் பட்ட பாடு தீர்ந்துபோகிறது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளுக்குத் தெரியும், அது எங்கும் போவதில்லை. ஏறின உயரத்தில் அப்படியே தங்கியிருக்கும். கீழே விழும்போதுதான் வெளியே வரும். புத்தகத்தில் அதற்கு நிலையாற்றல் என்று பெயர்.

போன ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்தார்கள். ஆர்வக் கோளாறில் யாரோ லோடைப் பிடித்து நிறுத்தும் ஹாய்ஸ்டின் பிரேக் டிரம்முக்கும் எண்ணெய் தடவிவிட்டிருந்தார்கள். கடைசி லோடு, நூறு கிலோ, மூன்றாம் மாடி வாசலுக்கு நேராகத் தொங்கியது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாமென்று மெயினை ஆஃப் செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடமும் காட்டியாயிற்று. பொரி வாங்கக் கம்பெனி ஆட்கள் எழுபது பேரும் அதன் அடியிலேயே வரிசையில் நின்றார்கள். நிழல் அங்கேதான் இருந்தது.

அனுசுயா அண்ணாந்து பார்த்தாள். லோடு வாசற்படிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. நேராக நின்றது, பிரேக் வழுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

ஒரு நிமிஷம் மெயினைப் போட்டு இறக்கிவிடலாம் என்று மேனேஜர் கந்தவேலிடம் போய்ச் சொன்னாள். பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது அவர் கட்சி. மனுஷர் நல்லவர்தான், பூஜை விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் காதில் ஏறாது.

"கரண்டே இல்லீம்மா. அது சும்மா கெடக்குது."

"கரண்டுதானுங்க போச்சு. தூக்குன ஒசரம் அங்கயேதானுங்க இருக்குது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. பொரி அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயில் கொளுத்தும் கேட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். பொரி போகிற பக்கம் கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. கந்தவேலுக்கு ரத்தம் கொதித்தது. பூஜைச் சாமானை இழுத்துக்கொண்டு போகிறாளே என்று பின்னாலேயே ஓடிவந்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அனுசுயா அண்டாவை இறக்கவில்லை.

அவர் வாய் மூடுவதற்குள் பின்னால் தடாலென்று சத்தம். நூறு கிலோவும் முப்பதடி இறங்கி, வரிசை நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையைப் பிளந்து கிடந்தது.

கந்தவேல் பிளந்த தரையைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு கேட்டுப் பக்கம் பொரிக்கு மறுபடி சேர்ந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார். தன் முறை வந்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"நாளைக்கு வந்துரு சாமி," என்றார்.

அனுசுயா அவருக்கும் ஒரு படி பொரி அளந்து போட்டாள். நூற்றெழுபத்தெட்டு மார்க் வாங்கிய நாளில்கூட அவள் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. அன்று எழுபது பேரும் பொரிப் பொட்டலத்தோடு அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.